கேரவன் பாதையில் ஒரு கேன் பெட்ரோல்

'கேரவன்' என்னும் சொல்லைத் திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் சொகுசு வண்டியின் பெயராகவே இன்று நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். அச்சொல்லின் பிறப்பிடமோ பாரசீகம். பாலைவனத்தில் ஒட்டகங்களோடு கூட்டமாகச் செல்லும் பயணிகளுக்குக் 'கார்வான்' என்று பெயர். ஆங்கிலேயர் அதனைக் 'கேரவன்' ஆக்கினர். பின்னர் தலையை நறுக்கிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டு 'வேன்' என்றனர். நம் தெருவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேனும், ஒரு காலத்தில் ஹாஜிகளை மக்காவுக்கு அழைத்துச் சென்ற ஒட்டகக் கூட்டமும் பெயரால் உறவினர்களே!

அந்தப் பழைய கேரவன்களின் தலைவர்களுக்கு ஒரே கவலை தண்ணீர்தான். அடுத்த கிணறு எத்தனை நாள் தொலைவில் இருக்கிறது, கையிலுள்ள தோல்பைகளில் எவ்வளவு இருக்கிறது, வழியில் கசிந்து போனால் என்ன செய்வது என்ற கணக்கே அவர்களின் உயிர்க்கணக்காக இருந்தது. கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஸுபைதா அம்மையார் கூஃபாவிலிருந்து மக்கா வரையுள்ள நெடுவழியில் கிணறுகளையும் நீர்த்தேக்கங்களையும் அமைக்கப் பெரும் பொருளைச் செலவிட்டார்கள். இன்றளவும் அவ்வழி 'தர்பு ஸுபைதா' என்றே அவர்கள் பெயரால் அழைக்கப்படுகிறது.

இக்காலக் கேரவனுக்குத் தண்ணீரோடு மற்றொன்றும் வேண்டியிருக்கிறது. அதுதான் எரிபொருள். தண்ணீர் கசிந்தால் தாகம் வரும். பெட்ரோல் கசிந்தாலோ தீ வரும். இந்த வேறுபாட்டை உணராமல் பயணம் புறப்படுவோர் பலர். அவர்களுள் ஒருவர் என்னிடம் ஓதிய மாணவர் என்பதால்தான் இக்கட்டுரை எழுத நேர்ந்தது.

அதிகாலைத் தேநீர்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பணிபுரியும் அம்மாணவர் விடுமுறையில் ஊர் வந்தபோது என்னைக் காண வந்திருந்தார். மனைவி, இரு குழந்தைகளுடன் பெர்த்திலிருந்து அடிலெய்டு நகருக்குச் சென்ற பயணத்தைப் பற்றிச் சொன்னார். படுக்கை, எரிவாயு அடுப்பு, சிறு குளிர்பதனப் பெட்டி ஆகியவை பொருத்திய கேம்பர் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறார். வழியிலே 'நல்லார்பார்' என்னும் பெருவெளி. இலத்தீன் மொழியில் மரமே இல்லாத இடம் என்பது அப்பெயரின் பொருள். அந்தப் பெயரைக் கேட்டே அஞ்சிய மாணவர், இரண்டு பிளாஸ்டிக் கேன்களில் விளிம்பு வரை பெட்ரோல் நிரப்பிப் படுக்கையின் கீழே வைத்துக்கொண்டார்.

பகலெல்லாம் கடும் வெயில். இரவில் வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி, குளிருக்கு அஞ்சி எல்லாச் சன்னல்களையும் அடைத்து உறங்கியிருக்கின்றனர். சின்னக் குழந்தை தலைவலி என்று அழுதது. பெட்ரோல் வாடை வரத்தான் செய்தது. எரிபொருள் நிரப்பியபோது தம் சட்டையில் பட்ட வாடையாக இருக்கும் என்று அவர் எண்ணிக்கொண்டார். சுப்ஹு தொழுகை முடிந்ததும் அவர் மனைவி தேநீர் வைக்க அடுப்பருகே சென்று, தீப்பெட்டியைக் கையில் எடுத்தவர், சற்றே தயங்கி நின்றாராம்.

"என்னங்க, காலடியில் வாடை இன்னும் கூடுதலாக இருக்கிறதே? பற்ற வைக்கட்டுமா, வேண்டாமா?"

படுக்கைப் பலகையைத் தூக்கிப் பார்த்தால் கீழே விரித்திருந்த பாய் நனைந்து கிடக்கிறது! குழந்தைகளை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடியிருக்கின்றனர்.

"அல்லாஹ்தான் காப்பாற்றினான், ஹஜரத்" என்றார்.

"அல்ஹம்து லில்லாஹ்! அவன் காப்பாற்றியது உண்மைதான், தம்பி. உன் மனைவிக்கு அந்த நேரத்தில் ஒரு தயக்கத்தைக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறான். ஆனால் அந்தக் கேன்களை அங்கே வைத்தது யார்?" என்று கேட்டேன்.

அவர் தலைகுனிந்தார். பிறகு நாங்கள் இருவரும் அமர்ந்து, இதனை எப்படிச் செய்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பேசினோம். அவர் அங்கே கேட்டறிந்தவையும், நான் படித்தறிந்தவையும் சேர்ந்ததே பின்வரும் செய்திகள். அயல்நாடுகளில் வாழும் நம் பிள்ளைகளுக்கு அப்படியே பயன்படும். உள்ளூரில் வேன் அமர்த்தி ஊர் ஊராகச் செல்லும் நமக்கும் இவற்றில் பாதி பயன்படும்.

ஒட்டகங்கள் நடந்த வழி

ஆஸ்திரேலியாவின் உட்பாலைக்கும் முஸ்லிம்களுக்கும் உள்ள உறவு பழமையானது. 1860-ஆம் ஆண்டு பர்க், வில்ஸ் ஆகியோரின் ஆய்வுப் பயணத்துக்காக ஒட்டகங்களும் அவற்றை ஓட்டுவோரும் மெல்போர்ன் துறைமுகத்தில் வந்திறங்கினர். அதைத் தொடர்ந்து ஆப்கானிஸ்தான், பலூசிஸ்தான், பஞ்சாப், சிந்து ஆகிய பகுதிகளிலிருந்து ஒட்டகக்காரர்கள் பலர் சென்றனர். அனைவரையும் வெள்ளையர் 'ஆப்கான்' என்றே அழைத்தனர். தந்திக் கம்பங்களும், சுரங்க ஊர்களுக்கான கோதுமை மாவும், ஆட்டு ரோம மூட்டைகளும் அவர்களின் ஒட்டகங்கள் மீதே பயணம் செய்தன. அங்கு இன்றும் ஓடும் 'கான்' என்னும் புகழ்பெற்ற இரயிலின் பெயர் அவர்களின் நினைவாக வழங்குவதே.

தென் ஆஸ்திரேலியாவில் மரீ என்றொரு சிற்றூர். இருப்புப்பாதை 1884-இல் அவ்வூரை எட்டிய பின் அது ஒட்டகக்காரர்களின் தலைமையிடமாயிற்று. அங்கே ஈச்ச மரங்களை நட்டு, ஓடையருகே மண்சுவரும் கூரையுமாக ஒரு பள்ளிவாசலையும் எழுப்பினர். அந்த மரீயிலிருந்துதான் பேர்ட்ஸ்வில் என்னும் ஊருக்குச் செல்லும் 517 கி.மீ. மண்சாலை தொடங்குகிறது. ஒட்டகங்கள் நடந்த அதே வழியில் இன்று கேம்பர் வேன்கள் புழுதி பறக்கச் செல்கின்றன.

அவ்வழியின் வரலாற்றில் மறக்க முடியாத ஒரு துயரம் உண்டு. 1963 டிசம்பரில், மரீயில் வசித்த ஒரு குடும்பம் காரில் அவ்வழியே வடக்கு நோக்கிப் புறப்பட்டது. வழி தவறியது, பெட்ரோலும் தீர்ந்தது. வண்டியை விட்டு இறங்கித் தண்ணீர் தேடி நடந்த பெற்றோரும் மூன்று ஆண்மக்களும் ஐவராக மாண்டனர். எரிபொருள் இல்லாமல் போவதும் உயிருக்கு உலை வைக்கும் என்பதற்கு இதுவே சான்று. ஆகவே, உபரிப் பெட்ரோலே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எங்கே வேண்டும், எவ்வளவு வேண்டும், எப்படி வேண்டும் என்று அறிந்து எடுத்துச் செல்ல வேண்டும் என்பதே நம் கருத்து.

முதற்கேள்வி: தேவைதானா?

மாணவர் சென்ற நல்லார்பார் வழியையே எடுத்துக்கொள்வோம். நார்ஸ்மன் என்னும் ஊரிலிருந்து போர்ட் அகஸ்டா வரை ஏறத்தாழ 1,650 கி.மீ. நீளமுள்ள தார்ச்சாலை அது. அதில் 146 கி.மீ. தூரத்துக்கு ஒரு வளைவுகூட இல்லாமல் நேராகச் செல்லும் பகுதியும் உண்டு. கேட்கவே அச்சமாக இருக்கும். ஆனால் அவ்வழியில் எரிபொருளும் உணவும் கிடைக்கும் வழிநிலையங்கள் ஒன்றுக்கொன்று 200 கி.மீ.க்கு உட்பட்ட தொலைவிலேயே அமைந்துள்ளன. மாணவரின் வேன் ஒருமுறை தொட்டி நிரப்பினால் 500 கி.மீ.க்கு மேல் ஓடும். அப்படியானால் அவருக்கு அந்த இரண்டு கேன்களும் தேவையே இல்லை! விசாரித்து அறியாத அச்சமே அவற்றைப் படுக்கையின் கீழ்க் கொண்டுவந்து வைத்திருக்கிறது.

கணக்கு எளியது. ஒரு வழிநிலையத்திலிருந்து அடுத்ததற்கு எத்தனை கி.மீ. என்று முதலில் அறிய வேண்டும். வண்டி 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் குடிக்கிறது என்பதை அடுத்து அறிய வேண்டும். தார்ச்சாலையில் 12 லிட்டர் குடிக்கும் வேன், கப்பிச்சாலையிலும் எதிர்க்காற்றிலும் 16 லிட்டர் குடிக்கலாம். மரீ–பேர்ட்ஸ்வில் வழியில் இடையே முங்கரானி என்னுமிடத்தில் எரிபொருள் கிடைக்கும். அங்கிருந்து பேர்ட்ஸ்வில் 313 கி.மீ. அதற்கு 16 லிட்டர் வீதம் கணக்கிட்டால் 50 லிட்டர் ஆகும். வழி மாறிச் சுற்றுவதற்கும் திரும்பி வருவதற்கும் நான்கில் ஒரு பங்கைக் கூட்டினால் 63 லிட்டர். தொட்டியின் கொள்ளளவு 75 லிட்டர் என்றால் தொட்டியே போதும். 55 லிட்டர் என்றால் ஒரு கேன் வேண்டும்.

புறப்படுமுன் அந்த வழிநிலையம் திறந்திருக்கிறதா, எரிபொருள் இருப்பில் உள்ளதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்வது இன்றியமையாதது. மழை பெய்தால் சாலையை மூடிவிடுவதும் உண்டு.

சிம்ப்சன் பாலையைக் குறுக்கே கடக்கும் வழியோ வேறு வகை. மவுண்ட் டேர் என்னுமிடத்தை விட்டால் பேர்ட்ஸ்வில் வரை ஏறத்தாழ 500 கி.மீ. தூரத்துக்கு எரிபொருளே கிடையாது. அடுத்தடுத்து மணல்மேடுகள். மணலில் வண்டி குடிக்கும் அளவு ஒன்றரை மடங்காகவும் அதற்கு மேலும் உயரும். அங்கே உபரி எரிபொருள் கட்டாயம் வேண்டும். ஆனால் அது நாற்சக்கர இழுவை கொண்ட வலிய வண்டிகளுக்கான பாதை. குடும்பத்தோடு செல்லும் வாடகைக் கேம்பர் வேனுக்கு உரிய பாதையன்று. எத்தனை கேன்கள் வேண்டும் என்று கணக்கிடும்போதே, இவ்வழி நமக்கு ஏற்றதா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது.

பெட்ரோலின் குணம்

பகைவனின் குணம் அறிந்தவனே தற்காத்துக்கொள்வான். பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவியே எரிகிறது. உறைபனிக்கு 40 பாகை கீழான குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவி அதிலிருந்து எழும். ஆகவே நம் வீட்டிலோ வண்டியிலோ அது தீப்பற்றாத வெப்பநிலை என்று ஒன்றே இல்லை. டீசல் அவ்வாறன்று. ஏறத்தாழ 60 பாகை வரை சூடேறினால்தான் அதன் ஆவி தீப்பற்றும். டீசல் வண்டி வைத்திருப்போருக்கு இது ஓர் ஆறுதல். ஆனால் கவனக்குறைவுக்கு அது அனுமதியாகாது.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. எனவே அது மேலே எழுந்து கலைந்து போகாமல் தரையில் படிந்து ஊர்ந்து செல்லும். மாணவரின் மனைவி "காலடியில் வாடை" என்று சொன்னது எத்துணை உண்மையான சொல்! படுக்கையில் இருப்பவரின் மூக்குக்கு எட்டாமலே, தரையில் வெடிக்கக்கூடிய அளவுக்கு ஆவி தேங்கி நிற்கக்கூடும்.

காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு ஆவி கலந்தாலே அது தீப்பற்றும். ஒரு தம்ளர் பெட்ரோல் முழுவதும் ஆவியானால் இரண்டு கன மீட்டருக்கும் மேற்பட்ட காற்றை அந்நிலைக்குக் கொண்டுவந்துவிடும். வேனின் உட்புறமே ஒரு சிறிய அறைதான் என்பதை நினைத்துப் பாருங்கள். அதனுள் எரிவாயு அடுப்பு இருக்கிறது. தானே இயங்கி நிற்கும் குளிர்பதனப் பெட்டி இருக்கிறது. விளக்குச் சுவிட்சு இருக்கிறது. இவற்றில் எதன் சிறு பொறியும் போதுமானது.

எந்தக் கலம்?

இரண்டாம் உலகப் போரின்போது வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஆங்கிலேயப் படை பெட்ரோலை மெல்லிய தகரக் கலங்களில் கொண்டு சென்றது. அவை ஒட்டுகளில் விட்டுப்போய், ஒழுகி, ஏராளமான எரிபொருள் மணலில் வீணாயிற்று. ஜெர்மானியரிடமோ 20 லிட்டர் கொள்ளும் உறுதியான எஃகுக் கலம் இருந்தது. இருவர் தூக்க ஏதுவாக மூன்று கைப்பிடிகள், இறுக அழுத்தி மூடும் நெம்புமூடி, வீக்கம் தாங்கப் பக்கங்களில் அழுத்தப்பட்ட வரிப்பள்ளங்கள், நிரப்பிய பின்னும் மேலே சிறிது காற்று தங்கும் அமைப்பு ஆகியவை அதன் சிறப்புகள். கைப்பற்றிய கலங்களைப் பார்த்து ஆங்கிலேயர் அதே போன்று செய்துகொண்டனர். ஜெர்மானியரை அவர்கள் 'ஜெர்ரி' என்று கேலியாக அழைத்ததால் கலத்துக்கும் 'ஜெர்ரி கேன்' என்ற பெயர் நிலைத்தது.

இன்று எஃகிலும் கெட்டிப் பிளாஸ்டிக்கிலும் எரிபொருளுக்கென்றே தரச்சான்று பெற்ற கலங்கள் கிடைக்கின்றன. ஆஸ்திரேலியாவில் அவை ஏ.எஸ். 2906 என்னும் தரவிதிக்கு உட்பட்டவையா என்று பார்த்து வாங்க வேண்டும். பெட்ரோலுக்குச் சிவப்பு, டீசலுக்கு மஞ்சள் என்று நிறம் பிரித்து வைப்பது வழக்கம். மாற்றி ஊற்றுவதை இது தடுக்கும். தண்ணீர்க் கேன், எண்ணெய்க் கேன், குளிர்பானப் புட்டி ஆகியவற்றில் பெட்ரோலை ஊற்றவே கூடாது. அந்தப் பிளாஸ்டிக் இளகிக் கசியும் என்பது ஒரு காரணம். தாகத்தோடு வரும் குழந்தை எடுத்துக் குடித்துவிடும் என்பது அதனினும் பெரிய காரணம். அவ்வாறு குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. வாந்தியெடுக்கையில் நுரையீரலுக்குள் பெட்ரோல் சென்றுவிடும். உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

பழைய கலத்தைப் பயன்படுத்துவதாயின் மூடியின் உள்ளே இருக்கும் இரப்பர் வளையத்தை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். அது காய்ந்து வெடித்திருந்தால் கலம் எத்துணை உறுதியாக இருந்தும் பயனில்லை. நிரப்பிய கலத்தைச் சாய்த்து வைத்துச் சிறிது நேரம் கழித்துப் பார்ப்பது நல்ல சோதனை.

நிரப்பும் முறை

கேனை வண்டிக்குள் வைத்தே நிரப்புவது நம்மவர் பலரின் வழக்கம். இது பெரும் ஆபத்து. எரிபொருள் குழாயிலிருந்து பாயும்போது நிலைமின்சாரம் உண்டாகிறது. கேன் தரையைத் தொட்டிருந்தால் அம்மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். பிளாஸ்டிக் விரிப்பின் மீதோ கம்பளத்தின் மீதோ இருந்தால் இறங்க வழியின்றித் திரண்டு, பொறியாகப் பாயும். அமெரிக்காவில் 1990-களில் சிறு சரக்கு வண்டிகளின் பிளாஸ்டிக் தளத்தின் மீது கேனை வைத்து நிரப்பியவர்கள் இவ்வாறு தீக்காயம் அடைந்திருக்கின்றனர். எனவே கேனை இறக்கித் தரையில் வைத்து, குழாயின் முனை கேனின் வாயைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி பிடித்து, மெதுவாக நிரப்ப வேண்டும்.

விளிம்பு வரை நிரப்பக் கூடாது. பெட்ரோல் வெப்பத்தில் விரியும் இயல்புடையது. காலைக் குளிரில் 15 பாகையில் நிரப்பிய 20 லிட்டர், நண்பகலில் 45 பாகையை எட்டினால் அரை லிட்டருக்கும் சற்று அதிகமாகப் பெருகும். அதற்கு இடமில்லையென்றால் மூடியின் வழியே வெளியேறும். மாணவரின் படுக்கையின் கீழ் நடந்தது இதுவே. இருபதில் ஒரு பங்கேனும் காலியாக விட வேண்டும். நிரப்பும்போது வேனின் எரிவாயு உருளையை மூடி, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றின் சுடர் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டிக்குள் யாரும் இருக்க வேண்டாம்.

எங்கே வைப்பது?

மனிதர் உண்டு உறங்கும் இடத்தில் எரிபொருள் இருக்கக் கூடாது. இவ்விதிக்கு விலக்கே கிடையாது. காலியான கேனுக்கும் இது பொருந்தும். காலிக் கேனில் திரவம் இராது, ஆவி நிறைந்திருக்கும். சில வேளைகளில் நிறைந்த கேனைவிட அதுவே கொடியது.

எல்லாவற்றிலும் சிறந்தது, வண்டியின் அடியில் தகுதி பெற்றவரைக் கொண்டு பெரிய தொட்டியைப் பொருத்திக்கொள்வதே. தூக்கவும் ஊற்றவும் வேண்டிய வேலையே இராது. அதற்கு வழியில்லையேல், வண்டிக்கு வெளியே எஃகுத் தாங்கியில் அசையாமல் கட்டி வைக்க வேண்டும். பின்புறத் தாங்கியில் வைப்பது பலருக்கு எளிதாகத் தோன்றும். ஆனால் பின்னால் வரும் வாகனம் மோதினால் முதலில் நசுங்குவது அதுதான். கூரை மீது வைத்தால் ஆவி கலைந்துவிடும் என்ற நன்மை உண்டு. ஆனால் 20 லிட்டர் பெட்ரோல் 15 கிலோ எடையுள்ளது. எஃகுக் கலத்தோடு சேர்த்தால் ஏறத்தாழ 20 கிலோ. நான்கைந்து கேன்களை ஏற்றினால் வண்டி வளைவுகளில் சாய முற்படும். கூரை தாங்கும் எடையை வண்டியின் கையேட்டில் பார்த்தே ஏற்ற வேண்டும். மேலே வெயில் படாதவாறு மூடவும் வேண்டும். எங்கே கட்டினாலும் புகைபோக்கிக் குழாய்க்கும் எரிவாயு உருளைக்கும் அருகில் வேண்டாம். அந்தந்த மாநிலத்தின் விதி வேறுபடுவதால் உள்ளூரில் கேட்டறிவது அவசியம். வாடகை வண்டியாயின் உரிமையாளரின் அனுமதியும் வேண்டும். அது நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா?

தொட்டியில் ஊற்றும்போது

வழிநிலையத்தை எட்டும்வரை காத்திராமல், தொட்டி பாதியானதுமே நல்லதோர் இடத்தில் நிறுத்திக் கேனைக் காலி செய்துவிடுவது அறிவுடைமை. எஞ்சினை நிறுத்தி அது ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும். குழந்தைகளைக் காற்று வீசி வரும் பக்கத்தில் தொலைவில் நிற்கச் செய்ய வேண்டும். சூடேறிய கேனுக்குள் அழுத்தம் கூடியிருக்கும். மூடியைச் சட்டெனத் திறக்காமல் சிறிது தளர்த்தி, சீறல் அடங்கிய பிறகு முழுதும் திறக்க வேண்டும். கேனோடு வந்த நீண்ட மூக்கையோ புனலையோ பயன்படுத்த வேண்டும். வாயால் குழாயை உறிஞ்சி எடுக்கும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். சிந்தியது முழுவதும் காய்ந்து வாடை போன பிறகே எஞ்சினை இயக்க வேண்டும். பெட்ரோல் பட்ட ஆடையோடு அடுப்பருகே செல்லலாகாது.

உலர்ந்த இரசாயனப் பொடி நிரப்பிய தீயணைப்பான் ஒன்று வண்டியின் கதவருகே, வெளியிலிருந்தும் எட்டும் வகையில் இருக்க வேண்டும். பெட்ரோல் தீயில் தண்ணீரை ஊற்றினால் பெட்ரோல் அதன் மேல் மிதந்து பரவித் தீயும் பரவும். தீ சிறிதாக இருக்கும்போது மட்டுமே அணைக்க முயல வேண்டும். இல்லையேல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விலகி ஓடுவதே கடமை. வண்டி போனால் வாங்கிக்கொள்ளலாம்.

பிறர் வீட்டுப் பிள்ளைகள்

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர்கள் உள்ளன. அங்கே சில இளைஞர்கள் பெட்ரோலை முகர்ந்து போதை கொள்ளும் கொடிய பழக்கத்துக்கு ஆளாகி மூளை பாதிக்கப்பட்டனர்; உயிரிழந்தோரும் உண்டு. இதனைத் தடுக்க, போதை தரும் வேதிப்பொருள்கள் குறைந்த 'ஓப்பல்' என்னும் பெட்ரோல் 2005-இல் அறிமுகமாயிற்று. சில பகுதிகளில் சாதாரணப் பெட்ரோலைத் தடை செய்ய வகை செய்யும் சட்டம் 2013-இல் இயற்றப்பட்டது. பெட்ரோலில் ஓடும் வண்டிகளுக்கு ஓப்பலும் ஒத்துக்கொள்ளும்.

இந்நிலையில் நாம் வெளியூரிலிருந்து கொண்டு செல்லும் சாதாரணப் பெட்ரோல் கேனை வண்டியின் வெளியே பூட்டாமல் வைத்து உறங்கினால், யாரோ ஒரு தாயின் பிள்ளைக்கு நாமே நஞ்சை வழங்கியவர்களாவோம். கேனைப் பூட்டி வைப்பது திருட்டுக்கு அஞ்சி மட்டுமன்று. பிறருக்குத் தீங்கு வாராமல் காப்பதற்காகவும்தான். வழியில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதையே தர்மம் என்று போதிக்கும் மார்க்கத்தினர், வழியில் இடையூற்றை வைத்துவிட்டுச் செல்லலாமா?

வண்டி நின்றுவிட்டால்

எல்லாக் கணக்கும் தவறி எரிபொருள் தீர்ந்துவிட்டால் வண்டியை விட்டு அகலக் கூடாது. வானிலிருந்து தேடுவோருக்கு மனிதன் புள்ளியாகவும் தெரியமாட்டான், வண்டி தெரியும். அதன் நிழலும் உயிர் காக்கும். கைப்பேசிக் கோபுரம் இல்லாத அவ்விடங்களில், துணைக்கோள் வழியே இருப்பிடத்தை அறிவிக்கும் அவசர அழைப்புக் கருவியை உடன் கொண்டு செல்வது நல்லது. புறப்படும் நாளையும், செல்லும் வழியையும், சேர வேண்டிய நாளையும் ஒரு பொறுப்பானவரிடம் சொல்லிச் செல்ல வேண்டும். தண்ணீரைப் பெட்ரோலுக்கு இடம் ஒதுக்குவதற்காகக் குறைக்கவே கூடாது.

நம் வாசலுக்கு அருகில்

"நாங்கள் எங்கே ஆஸ்திரேலியா போகிறோம்?" என்று சகோதரிகள் கேட்கலாம். 1997 ஏப்ரல் 15 அன்று மினாவில் நிகழ்ந்ததை நினைத்துப் பாருங்கள். ஹாஜிகள் தங்கிய கூடாரங்களில் பற்றிய தீ பல்லாயிரம் கூடாரங்களைச் சாம்பலாக்கியது. 343 பேர் உயிர் நீத்தனர். அதன் பின்னரே சவூதி அரசு தீப்பற்றாத கூடாரங்களை மினாவில் நிறுவியது. சமையல் எரிவாயுவுக்கும் அங்கே தடை வந்தது. இன்னும் அருகே வாருங்கள். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை இரயில் நிலையத்தருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், இலக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்கள் விதிக்கு மாறாகக் கொண்டுவந்த எரிவாயு உருளையால் தீப்பிடித்து 9 பேர் மாண்டனர். அங்கும் அதிகாலைத் தேநீருக்காகவே அடுப்பு மூட்டப்பட்டது என்றனர்.

அவர்கள் எந்தச் சமயத்தவராயினும், இறைவனை நாடிப் புறப்பட்ட எளிய மக்களே. மூன்று நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று புலனாகிறது. மாணவரின் வேனிலும், மினாவிலும், மதுரையிலும் மனிதர் உறங்கும் இடமும் எரிபொருள் இருக்கும் இடமும் ஒன்றாகவே இருந்தன. நாம் தர்ஹாவுக்கோ, திருமணத்துக்கோ, கோடை விடுமுறைக்கோ வேன் அமர்த்தும்போதும் இருக்கையின் கீழே ஓட்டுநர் பெட்ரோல் கேன் வைத்திருக்கிறாரா, அடுப்பும் உருளையும் பிள்ளைகளின் காலடியில் இருக்கின்றனவா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். குனிவதால் நமக்கு இழப்பேதும் இல்லை.

உறங்கச் செல்லுமுன் நெருப்பை அணைத்துவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்துள்ளார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பும்படி வழிகாட்டியதும் அவர்களே. பயணத்துக்கு வேண்டியவற்றைச் சேகரித்துக்கொள்ளும்படி பணிக்கும் திருமறை, அவற்றில் மேலானது இறையச்சம் என்றும் உணர்த்துகிறது. தவக்குல் என்பது கட்டுகளைச் சரிபார்த்த பின் உள்ளத்தில் வரும் அமைதி. சரிபார்க்காமலே வரும் அமைதிக்கு அலட்சியம் என்று பெயர்.

மாணவர் விடைபெறும்போது, "ஹஜரத், அடுத்த விடுமுறையில் மரீ பள்ளிவாசலைப் பார்க்கப் போவதாக நிய்யத். கேனை எங்கே கட்டுவது என்று இப்போது தெரியும்" என்றார்.

"முதலில் கேன் வேண்டுமா என்று கணக்குப் பார், தம்பி. பிறகு கட்டலாம்" என்றேன். சிரித்துக்கொண்டே ஸலாம் சொல்லிச் சென்றார்.

வல்ல ரஹ்மான் நம் பயணங்கள் யாவற்றையும் பாதுகாப்பானவையாக ஆக்கி, புறப்பட்ட அனைவரையும் காத்திருப்போரிடம் நலமே கொண்டுவந்து சேர்ப்பானாக! ஆமீன்.